எஸ்பெராந்தோவில் மாமியார் வீடு

மாமியார் வீட்டுக்குப் போயிருந்ததால் சென்ற வாரம் பேச வர முடியவில்லை என்று ஹங்கேரியில் இருக்கும் ஒருவரிடம் சொல்ல வேண்டியிருந்தது. அவர் ரயில்வேயில் வேலை பார்த்து ஓய்வு பெற்றவர். என் தந்தையின் வயதுடையவர். ஞாயிற்றுக்கிழமைதோறும் நம் நேரப்படி மாலை ஆறு மணிக்கு இணையத்தின் வழியே அவரும் நானும், எல்லா நாட்டவருக்கும் பொதுவாக இருக்கட்டும் என்று ஒருவர் செய்துவைத்த மொழியான எஸ்பெராந்தோவில் பேசுவது வழக்கம். அவருக்குத் தமிழும் ஆங்கிலமும் தெரியாது; எனக்கு ஹங்கேரியன் தெரியாது. மாமியார் வீட்டுக்கு எஸ்பெராந்தோவில் என்ன சொல் என்று நான் எந்தப் பாடத்திலும் படித்ததில்லை. இருந்தாலும் வாய் தானாகவே ‘போபத்ரினேயோ’ என்று சொல்லிவிட்டது. அவரும் அந்தச் சொல்லை அதற்கு முன் கேட்டதில்லை என்றார், ஆனால் சொன்ன மாத்திரத்தில் புரிந்துகொண்டு, அங்கே சாப்பாடு எப்படி என்று கேட்டார்.

அந்தச் சொல்லைப் பிரித்துப் பார்த்தால் அதில் மந்திரம் ஏதும் இல்லை என்பது தெரியும். ‘போ’ என்பது திருமணத்தால் வந்த உறவைக் காட்டும் முன்னொட்டு. ‘பத்ர்’ தந்தை, ‘இன்’ பெண்பால் விகுதி, ‘ஏய்’ இடத்தைக் குறிக்கும் ஒட்டு, கடைசியில் வரும் ‘ஓ’ இது பெயர்ச்சொல் என்பதற்கான அடையாளம். எங்கள் ஊரில் சிறைச்சாலையையும் கேலியாக மாமியார் வீடு என்றுதான் சொல்வார்கள் என்று அவருக்கு விளக்கினேன். எஸ்பெராந்தோவில் சிறைச்சாலைக்குப் பெயர் ‘மல்லிபெரேயோ’. ‘மல்’ எதிர்ப்பொருளைத் தருவது, ‘லிபெர்’ விடுதலை, பிறகு அதே ‘ஏய்’, அதே ‘ஓ’. இரண்டு சொற்களும் ஒரே வாலோடு முடிவதால் நம் ஊர்க் கேலி சேதாரம் இல்லாமல் அங்கே போய்ச் சேர்ந்தது. அவர் கண்ணாடியைக் கழற்றித் துடைத்துக்கொண்டு சிரித்தார், பிறகு ஒரு தாளில் குறித்துக்கொண்டார். மறுவாரம் அவருடைய ஊர் எஸ்பெராந்தோ சங்கத்தில் அதைச் சொல்லிக் கைதட்டல் வாங்கியதாகத் தெரிவித்தார்.

இன்று டிசம்பர் 15. எஸ்பெராந்தோவைப் படைத்த லுத்விக் லாசருஸ் ஸமென்ஹோஃப் 1859ஆம் ஆண்டு பிறந்த நாள். எஸ்பெராந்தோ பேசுவோர் இந்த நாளில் அந்த மொழியில் ஒரு புத்தகமாவது வாங்க வேண்டும் என்று ஒரு வழக்கம் வைத்திருக்கிறார்கள். நான் புத்தகம் வாங்கியாகிவிட்டது. அதோடு, இந்த மொழியின் மேல் எனக்கு ஏன் இத்தனை பிரியம் என்பதையும் எழுதிவைக்கலாம் என்று தோன்றியது.

மேலே சொன்ன ‘ஏய்’ என்ற ஒட்டுக்கு ஒரு பிறப்புக் கதை உண்டு. அதை ஸமென்ஹோஃபே 1895 வாக்கில் ஒரு ரஷ்ய நண்பருக்கு எழுதிய கடிதத்தில் சொல்லியிருக்கிறார். வார்சாவில் உயர்நிலைப் பள்ளியில் படித்த காலத்தில், எல்லாருக்கும் பொதுவான ஒரு மொழியைச் செய்துவிட வேண்டும் என்ற யோசனையிலேயே அவர் திரிந்துகொண்டிருந்தார். இலக்கணத்தைச் சுருக்க அவருக்கு வழி தெரிந்துவிட்டது. ஆனால் அகராதியின் பருமன்தான் அவரை மிரட்டியது. ஆயிரமாயிரம் சொற்களை மனப்பாடம் செய்யச் சொன்னால் எவர் வருவார்? ஒரு நாள் தெருவில் நடக்கும்போது, பல முறை பார்த்துப் பழகியிருந்த இரண்டு ரஷ்யப் பெயர்ப்பலகைகள் அவர் கண்ணில் புதிதாகப் பட்டன. ஒன்று ‘ஷ்வெய்த்சார்ஸ்கயா’, வாயிற்காவலர் இருக்கும் அறை. மற்றொன்று ‘கண்டீத்தர்ஸ்கயா’, மிட்டாய்க்கடை. இரண்டிலும் வந்த ‘ஸ்கயா’ என்ற ஈறு இடத்தைக் காட்டிற்று. ஒரு வேர்ச்சொல்லோடு இப்படி ஓர் ஒட்டைச் சேர்த்தால், தனியாகப் படிக்கத் தேவையில்லாத புதுச்சொல் கிடைத்துவிடுகிறதே என்று அவருக்குப் பொறி தட்டியது. அந்தக் கணத்தில் ராட்சத அகராதிகள் தன் கண்ணெதிரே சிறுத்துப் போயின என்று அவர் எழுதுகிறார். வார்சாவின் ஒரு மிட்டாய்க்கடைப் பலகைக்கும் என் மாமியார் வீட்டுக்கும் இப்படி ஓர் உறவு இருப்பது என் மாமியாருக்குத் தெரியாது.

சொற்களை ஒட்டி ஒட்டிக் கட்டும் இந்த வேலை தமிழ் பேசுகிற எவருக்கும் அந்நியமாகத் தெரியாது. நமக்கு இது அன்றாடப் புழக்கம். சொல்லப்போனால் எஸ்பெராந்தோ பாடநூல்களைத் திறந்தபோது எனக்கு ஏற்பட்ட முதல் வியப்பு, ஐரோப்பியர்கள் கஷ்டம் என்று முனகும் இடங்கள் நமக்குச் சொந்த வீட்டுத் திண்ணைபோல் இருந்ததுதான். செயப்படுபொருளின் இறுதியில் ‘ன்’ சேர்க்க வேண்டும் என்ற விதியைக் கண்டு ஆங்கிலேயர்களும் பிரெஞ்சுக்காரர்களும் நூறாண்டுக்கும் மேலாக அலுத்துக்கொள்கிறார்கள். நமக்கோ இரண்டாம் வேற்றுமை உருபு பள்ளிக்கூடத்தில் ஒப்பித்த சங்கதி. மனிதனை நாய் கடித்தது என்றாலும் நாய் மனிதனைக் கடித்தது என்றாலும் கடிபட்டவன் யார் என்பதில் நமக்குக் குழப்பம் வராது, எஸ்பெராந்தோவிலும் வராது.

இந்தப் பெருமிதத்தோடு நான் செய்தனுப்பிய முதல் பயிற்சி சிவப்புக் கோடுகளோடு திரும்பி வந்தது. ‘நான் தண்ணீர் குடிக்கிறேன்’ என்பதை ‘மி திரிங்காஸ் ஆக்வோ’ என்று எழுதியிருந்தேன். ‘ஆக்வோன்’ என்று இருந்திருக்க வேண்டும். புத்தகம் படித்தேன், சோறு சமைத்தேன், கடிதம் எழுதினேன் என்று அந்தப் பக்கத்தில் எல்லா வாக்கியங்களிலும் அதே பிழை இருந்தது. ‘அம்மாவைப் பார்த்தேன்’ என்ற ஒரே வாக்கியம்தான் தப்பியது. ஏன் இப்படி என்று அரை மணி நேரம் யோசித்த பிறகுதான் விளங்கியது. அஃறிணைப் பொருள் என்றால் நாம் பெரும்பாலும் ‘ஐ’யை விழுங்கிவிடுகிறோம், உயர்திணையில் மட்டும் விடாமல் சேர்க்கிறோம். முப்பது ஆண்டுகளாகப் பேசிவந்த தாய்மொழியைப் பற்றி இதை எனக்குச் சொல்லிக்கொடுத்தது ஒரு போலந்துக் கண் மருத்துவர் செய்துவைத்த மொழி.

இன்னொரு இடத்தில் எனக்குக் கிடைத்தது பிழை இல்லை, பரிசு. எஸ்பெராந்தோவில் கேள்விச் சொற்களும் சுட்டுச் சொற்களும் ஓர் அட்டவணையாக, மொத்தம் 45 சொற்களாக, அமைந்திருக்கும். ‘கி’ என்று தொடங்கினால் வினா, ‘தி’ என்று தொடங்கினால் சுட்டு. கியே என்றால் எங்கே, தியே என்றால் அங்கே. கியாம் எப்போது, தியாம் அப்போது. கியோம் எவ்வளவு, தியோம் அவ்வளவு. கியேல் எப்படி, தியேல் அப்படி. ஸமென்ஹோஃப் உட்கார்ந்து யோசித்துச் செய்த ஒழுங்கு என்று இந்த அட்டவணையைப் பாடநூல்கள் கொண்டாடுகின்றன. நான் அதைப் பார்த்ததும் ‘எ’யும் ‘அ’வும் ‘இ’யும்தானே என்று எண்ணினேன். யாழ்ப்பாணத்துக்காரராக இருந்தால், எங்களிடம் ‘உ’வும் இருக்கிறது, உது, உங்கை என்று கூடுதலாக ஒரு வரிசையை நீட்டியிருப்பார். ஐரோப்பாவின் சொற்களைப் போர்த்திக்கொண்டிருந்தாலும் இந்த மொழியின் எலும்புக்கூடு ஐரோப்பாவுக்கு மட்டும் உரியது இல்லை என்று நான் நம்புவதற்கு இதுவும் ஒரு காரணம்.

ஆனால் மொழியின் வசதிகளை மட்டும் பேசிக்கொண்டிருந்தால் அது எதற்காகச் செய்யப்பட்டது என்பது விட்டுப்போகும். ஸமென்ஹோஃப் பிறந்த பியாலிஸ்டோக் இன்று போலந்தில் இருக்கிறது. அன்று ரஷ்யப் பேரரசில் இருந்தது. அங்கே ரஷ்யர்கள், போலந்துக்காரர்கள், ஜெர்மானியர்கள், யூதர்கள் ஆகிய நால்வகையினரும் ஒரே தெருக்களில் நான்கு மொழிகள் பேசிக்கொண்டு, ஒருவரையொருவர் சந்தேகத்தோடு பார்த்துக்கொண்டு வாழ்ந்தனர். யூதக் குடும்பத்தில் பிறந்த அந்தச் சிறுவனுக்கு வீட்டில் எல்லா மனிதரும் சகோதரர் என்று கற்பித்தார்கள். வெளியே வந்தால் தெருவிலும் முற்றத்திலும் மனிதர் என்று எவரும் தென்படவில்லை, ரஷ்யரும் போலந்துக்காரரும் ஜெர்மானியரும் யூதரும்தான் தென்பட்டார்கள் என்று அவர் பின்னாளில் எழுதினார். அப்பா மொழி ஆசிரியர். 1873இல் குடும்பம் வார்சாவுக்குக் குடிபெயர்ந்தது. 1878ஆம் ஆண்டு டிசம்பரில், பள்ளித் தோழர்களைக் கூட்டி, தன் மொழியின் முதல் வடிவத்தில் இயற்றிய ஒரு பாட்டைப் பாடி அதன் பிறப்பைக் கொண்டாடினார். அப்போது அவருக்கு 19 வயது நிறைந்திருந்தது. அந்தத் தோழர்கள் பெரியவர்களின் கேலிக்கு அஞ்சிச் சீக்கிரமே கழன்றுகொண்டார்கள்.

1887ஆம் ஆண்டு ஜூலை 26 அன்று வார்சாவில் 40 பக்கங்களில் ஒரு சிறு நூல், ரஷ்ய மொழியில், ‘டாக்டர் எஸ்பெராந்தோ’ என்ற புனைபெயரில் வெளிவந்தது. நம்பிக்கை கொண்டவர் என்பது அந்தப் பெயரின் பொருள். பிறகு அதுவே மொழிக்கும் பெயராயிற்று. அச்சுச் செலவுக்கு உதவியவர் அவருடைய வருங்கால மாமனார். (மாமியார் வீட்டுக்கு இந்த மொழியில் ஓர் இடம் கொடுத்தே ஆக வேண்டும் என்பதற்கு இதைவிட வலுவான ஆதாரம் வேண்டியதில்லை.) நூலில் 16 இலக்கண விதிகளும், ஏறத்தாழ 900 வேர்ச்சொற்களும், சில மொழிபெயர்ப்புகளும் கவிதைகளும் இருந்தன. கூடவே கிழித்து அனுப்பும்படியாகச் சில உறுதிமொழிச் சீட்டுகள். ஒரு கோடிப் பேர் இதே உறுதியைத் தந்தால் நானும் இந்த மொழியைக் கற்பேன் என்று கையொப்பமிட்டு அனுப்ப வேண்டும். கணக்கு சரியானதுதான், மற்றவர் கற்றால்தானே நாம் கற்பதில் பயன்? வந்து சேர்ந்தவை சுமார் ஆயிரம். ஒரு கோடி எங்கே, ஆயிரம் எங்கே என்று மனம் ஒடிந்து போகாமல், 1889இல் அந்த ஆயிரம் பேரின் பெயரையும் முகவரியையும் தொகுத்து அச்சிட்டு, நீங்கள் ஒருவருக்கொருவர் எழுதிக்கொள்ளுங்கள் என்று அவர்களிடமே கொடுத்துவிட்டார். எஸ்பெராந்தோவின் வரலாற்றிலேயே எனக்கு மிகவும் பிடித்த செயல் இதுதான்.

அந்த நாற்பது பக்க நூலில் இன்னொரு வாசகமும் உண்டு. தேசிய மொழிகள் எப்படிப் பொதுச்சொத்தோ அப்படியே சர்வதேச மொழியும் பொதுச்சொத்து, ஆகவே ஆசிரியர் தமக்குரிய உரிமைகள் அனைத்தையும் என்றென்றைக்கும் துறக்கிறார் என்பது அதன் கருத்து. இதன் அருமை தெரிய வேண்டுமானால் பக்கத்து வீட்டைப் பார்க்க வேண்டும். எஸ்பெராந்தோவுக்குச் சில ஆண்டுகள் முன்பு, ஜெர்மனியின் கத்தோலிக்கப் பாதிரியாரான யோஹான் மார்ட்டின் ஷ்லேயர் ‘வோலாப்யூக்’ என்ற மொழியைச் செய்து வெளியிட்டார். அது காட்டுத்தீபோல் பரவியது. சங்கங்களும் இதழ்களும் பெருகின, மாநாடுகள் மூன்று நடந்தன. ஆனால் மொழியில் எதை மாற்றுவதானாலும் கடைசிச் சொல் தன்னுடையதாகவே இருக்க வேண்டும் என்று ஷ்லேயர் விடாப்பிடியாக நின்றார். 1889இல் பாரிஸ் மாநாட்டுக்குப் பிறகு அந்த இயக்கம் பிளவுபட்டுக் கரைந்தது. ஸமென்ஹோஃப் இதற்கு நேர் எதிர்த் திசையில் போனார். 1894இல் அவரே சில சீர்திருத்தங்களை முன்வைத்து, அப்போதைய எஸ்பெராந்தோ இதழின் சந்தாதாரர்களிடம் வாக்கெடுப்பு நடத்தினார். பெரும்பான்மையோர் மாற்றம் வேண்டாம் என்றார்கள். படைத்தவரின் யோசனையைப் பயன்படுத்துவோர் தள்ளினார்கள், அவரும் சரி என்று ஏற்றுக்கொண்டார். ஒரு மொழி உயிர் பெற்றது எப்போது என்று என்னைக் கேட்டால், 1887ஐ விட்டுவிட்டு இந்த 1894ஐத்தான் சொல்வேன்.

அதுவரை பெரும்பாலும் தாளில் மட்டும் வாழ்ந்த மொழி, 1905 ஆகஸ்டில் பிரான்ஸின் கடற்கரை நகரமான பூலோன் சுர் மேரில் முதன்முதலாகப் பெருங்கூட்டத்தின் வாயில் புழங்கியது. 20 நாடுகளிலிருந்து 688 பேர் வந்தார்கள். அந்தரங்கமாக எல்லாருக்கும் ஒரே பயம் இருந்திருக்கும். ஒருவர் உச்சரிப்பு மற்றவருக்குப் புரியுமா, கடிதத்தில் அழகாக எழுதிய மொழி காதில் விழும்போது கரகரக்குமா என்பதுதான் அது. புரிந்தது. பல நாட்டவர் சேர்ந்து மொலியேரின் ஒரு நகைச்சுவை நாடகத்தை எஸ்பெராந்தோவில் நடித்தார்கள், அவையோர் சரியான இடங்களில் சிரித்தார்கள். ஸமென்ஹோஃப் தன் உரையில், இங்கே கூடியிருப்பவர்கள் ஆங்கிலேயரோடு பிரெஞ்சுக்காரரோ போலந்துக்காரரோடு ரஷ்யரோ இல்லை, மனிதரோடு மனிதர் கூடியிருக்கிறோம் என்றார்.

அதே மாநாட்டில் ஒரு சின்ன அநியாயமும் நடந்தது. உரையின் முடிவில் வாசிப்பதற்காக ஸமென்ஹோஃப் ஒரு பிரார்த்தனைக் கவிதை எழுதிவைத்திருந்தார். கிறிஸ்தவரும் யூதரும் முஸ்லிம்களும் எல்லாரும் இறைவனின் பிள்ளைகளே என்று அதன் இறுதிப் பத்தி சொன்னது. மொழியை ஒரு நடைமுறைக் கருவியாக மட்டும் காட்ட விரும்பிய பிரெஞ்சுப் பிரமுகர்கள் இதைக் கேட்டுக் கலவரப்பட்டார்கள். ஊர் என்ன சொல்லும், இதைப் படிக்கவே வேண்டாம் என்று நெருக்கினார்கள். அவர் கவிதையை வாசித்தார், அந்த இறுதிப் பத்தியை மட்டும் விட்டுவிட்டு. மறு ஆண்டு ஜெனீவா மாநாட்டில் அவர் அப்படி விட்டுக்கொடுக்கவில்லை. 1906 ஜூனில் அவர் பிறந்த பியாலிஸ்டோக்கில் யூதர்கள் மேல் படுகொலை ஏவப்பட்டிருந்தது. கோடரிகளோடும் இரும்புத் தடிகளோடும் வந்தவர்கள் அமைதியாக வாழ்ந்த மக்கள் மேல் பாய்ந்தார்கள், வேறொரு மொழி பேசியதும் வேறொரு மதத்தைப் பின்பற்றியதுமே அந்த மக்கள் செய்த குற்றம் என்று அவர் மேடையில் சொன்னார். வியாபாரக் கடிதம் எழுத உதவும் கருவியாக மட்டும் எஸ்பெராந்தோ இருக்குமானால் அதற்காக உழைக்க எங்களுக்கு என்ன தேவை இருக்கிறது என்பதுதான் அந்த உரையின் சாரம். மொழிக்குள் உறையும் அந்த நோக்கத்தை ‘உள்ளுறை எண்ணம்’ என்ற பொருள்பட ‘இந்தேர்னா இதேஓ’ என்று இன்றும் அழைக்கிறார்கள்.

1914 ஆகஸ்டில் பாரிஸில் நடக்கவிருந்த மாநாட்டுக்கு 3,700க்கும் மேற்பட்டோர் பதிவு செய்திருந்தார்கள். போர் மூண்டது, மாநாடு நடக்கவில்லை. ஸமென்ஹோஃப் 1917 ஏப்ரல் 14 அன்று, போர் நடந்துகொண்டிருக்கும்போதே, வார்சாவில் இறந்தார்.

போருக்குப் பின், ஐக்கிய நாடுகள் சபைக்கு முன்னோடியான சர்வதேச சங்கம் அமைந்தபோது எஸ்பெராந்தோவுக்கு ஒரு வாய்ப்பு வந்தது. சங்கத்தின் துணைப் பொதுச்செயலராக இருந்த ஜப்பானியரான நிதோபே இனாசோ 1921இல் பிராக் மாநாட்டுக்கு நேரில் போய்ப் பார்த்து, அங்கே கண்டதைப் பாராட்டி அறிக்கை எழுதினார். மொழிபெயர்ப்பாளர் இல்லாமல் எல்லா நாட்டு எளிய மக்களும் பேசிக்கொண்டது அவரைக் கவர்ந்தது. பிரான்ஸ் முட்டுக்கட்டை போட்டது. உலகத்தின் பொது மொழியாக ஏற்கெனவே பிரெஞ்சு இருக்கும்போது இது எதற்கு என்பது அவர்கள் எண்ணம். 1922இல் பிரெஞ்சுக் கல்வி அமைச்சர் பள்ளிக் கட்டடங்களில் எஸ்பெராந்தோ கற்பிப்பதையே தடை செய்தார். அந்த இருக்கையில் பிரெஞ்சு எத்தனை ஆண்டுகள் உட்கார்ந்திருந்தது என்று இப்போது கணக்குப் பார்க்கையில் சற்றுச் சிரிப்பு வருகிறது.

சிரிக்க முடியாத பகுதி இதற்குப் பின்னால் வருகிறது. யூதர்களின் சதிக் கருவி என்று ஹிட்லர் இந்த மொழியைத் தன் நூலில் பெயர் சொல்லியே தாக்கினான். நாஜி ஜெர்மனியில் எஸ்பெராந்தோ அமைப்புகள் கலைக்கப்பட்டன. ஸ்டாலினின் சோவியத் நாட்டில் காரணம் வேறாக இருந்தது. அயல்நாட்டாரோடு கடிதப் போக்குவரத்து வைத்திருப்பவர்கள் என்பதே ஒற்றர் பட்டத்துக்குப் போதுமானதாக இருந்தது. அங்கே இயக்கத்தை வழிநடத்திய எர்னெஸ்ட் திரேசன் 1937இல் சுடப்பட்டார். எதிரெதிர் முகாம்களில் நின்ற இரண்டு கொடுங்கோலர்களும் பகையாக எண்ணும் அளவுக்கு, கடிதம் எழுதிக்கொண்டிருந்த பள்ளி ஆசிரியர்களும் தபால் ஊழியர்களும் என்ன செய்துவிட்டார்கள்?

வார்சாவில் ஸமென்ஹோஃப் குடியிருந்தது ஜீக்கா என்ற தெருவில், ஏழை யூதர்கள் நெருக்கியடித்து வாழ்ந்த பகுதியில். பகலில் குறைந்த கட்டணத்துக்குக் கண் பார்த்தார், இரவில் மொழிபெயர்த்தார். ஷேக்ஸ்பியரின் ஹாம்லெட்டையும் எபிரேய வேதாகமத்தையும் எஸ்பெராந்தோவுக்குக் கொண்டுவந்தது அவர்தான். அவருடைய மறைவுக்குப் பின் அந்தப் பகுதித் தெரு ஒன்று அவர் பெயரைத் தாங்கியது. 1942இல் அந்த ஸமென்ஹோஃப் தெரு, நாஜிகள் யூதர்களை அடைத்துவைத்த வார்சா கெட்டோவுக்குள் இருந்தது. ட்ரெப்ளிங்கா கொலை முகாமுக்கு ரயிலேற்றுவதற்காக மக்களை நடத்திக்கொண்டுபோன வழி அதுதான். அவருடைய மகள்கள் சோஃபியாவும் லிதியாவும் அந்த முகாமில் கொல்லப்பட்டார்கள். மகன் ஆதாம் 1940 ஜனவரியிலேயே சுட்டுக் கொல்லப்பட்டிருந்தார். அவரும் கண் மருத்துவர். ஆதாமின் மனைவியும் மகனும் மட்டும் தப்பினார்கள். தந்தையின் மொழியைக் கற்பிக்க ஊர் ஊராகப் போய்க்கொண்டிருந்தவர் லிதியா. இதை எழுதும்போது வாக்கியம் நீள மறுக்கிறது.

எஸ்பெராந்தோவைப் பற்றிப் பேச்செடுத்தால் நண்பர்கள் முதலில் கேட்பது, ஆங்கிலம்தான் இருக்கிறதே என்பது. ஆங்கிலம் எனக்குச் சோறு போடுகிறது. மொழிபெயர்ப்பு என் தொழில். அதனால் அதன் மேல் எனக்குப் பகை கிடையாது. ஆனால் சில ஆண்டுகள் முன்பு, பல நாட்டவர் கலந்துகொண்ட ஓர் அலுவல் கூட்டத்தில், ஆங்கிலத்தைத் தாய்மொழியாகக் கொண்ட ஒருவர் ஏதோ ஒரு மரபுத்தொடரை வைத்து நகைச்சுவையாகப் பேசினார். திரையில் இருந்த முகங்களை நான் கவனித்தேன். அவருடைய ஊர்க்காரர்கள் உடனே சிரித்தார்கள். கொரியாக்காரர் ஒருவர் ஒரு நொடி கழித்துச் சிரித்தார். நான் அவரைப் பார்த்துச் சிரித்தேன். எனக்குப் புரியவில்லை, அவருக்கும் புரிந்திருக்காது என்று நினைக்கிறேன். இந்த ஒரு நொடித் தாமதத்தை வாழ்க்கை முழுவதும் சுமக்கிறவர்கள் உலகத்தில் கோடிக்கணக்கில் இருக்கிறோம். நானும் ஹங்கேரிக்காரரும் பேசும்போது அந்தத் தாமதம் இருவருக்கும் உண்டு, அதனால் இருவருக்கும் இல்லை. ‘ன்’ போட மறந்தால் அவர் திருத்துகிறார், ‘லா’ என்ற சுட்டிடைச்சொல்லை நான் தேவையில்லாத இடத்தில் போட்டால் முகம் சுளிக்கிறார். நான் அவரைத் திருத்துவதும் உண்டு. ஆங்கிலத்தில் ஓர் ஆங்கிலேயரைத் திருத்த எனக்கு எந்நாளும் துணிவு வந்ததில்லை. இணைப்பு மொழி என்ற சொல்லைக் கேட்டதும், எவர் மொழியோடு எவரை இணைக்கப் போகிறீர்கள் என்று கேட்கப் பழகியவர்கள் நாம். 1965ஐப் பார்த்த ஊரில் பிறந்தவர்களுக்கு எஸ்பெராந்தோவின் நியாயத்தை நான் நீட்டி விளக்க வேண்டியதில்லை.

குறைகள் இல்லாமல் இல்லை. வேர்ச்சொற்களில் மிகப் பெரும்பாலானவை லத்தீன் வழி மொழிகளிலிருந்தும் ஜெர்மன், ஆங்கிலம், ரஷ்ய மொழிகளிலிருந்தும் எடுக்கப்பட்டவை. ஆகவே ஓர் இத்தாலியர் ஒரு வாரத்தில் அள்ளிக்கொள்ளும் சொற்களை நான் மூன்று மாதம் எழுதி எழுதிப் பழகினேன். நடுநிலை மொழி என்ற பெருமைக்கு இது ஒரு கறைதான், இதைப் பூசி மெழுக எனக்கு விருப்பம் இல்லை. தாய்க்குச் சொல், தந்தையோடு பெண்பால் விகுதி சேர்த்து ‘பத்ரினோ’. அம்மாவைப் ‘பெண் அப்பா’ என்று அழைக்கச் சொல்லும் இந்த ஏற்பாடு எனக்கு இன்றுவரை தொண்டையில் சிக்குகிறது. இளைய தலைமுறை எஸ்பெராந்தோகாரர்கள் பலருக்கும் சிக்குகிறது, அவர்கள் மாற்று வழிகளைப் பேச்சில் புகுத்திக்கொண்டிருக்கிறார்கள். ĉ, ĝ என்று தலையில் கூரை வைத்த எழுத்துகள் தட்டச்சில் பல்லாண்டுகள் படுத்திய பாடு தனிக் கதை. இத்தனை பேர் பேசுகிறார்கள் என்று அறுதியிட்டுச் சொல்ல எந்தக் குடிக்கணக்கும் இல்லை. சில பல்லாயிரம் என்பவர்களும் உண்டு, 20 லட்சம் வரை சொல்பவர்களும் உண்டு. உலகம் முழுவதற்கும் இரண்டாம் மொழி ஆவது என்ற ஆசையோடு ஒப்பிட்டால் எந்த எண்ணும் சிறியதுதான்.

ஆனால் அதைத் தோல்வி என்று எழுதிவிட எனக்குக் கை வருவதில்லை. செய்யப்பட்ட மொழிகள் நூற்றுக்கணக்கில் செத்துக் கிடக்கும் மயானத்தில் இது ஒன்று எழுந்து நடந்துகொண்டிருக்கிறது. வீட்டிலேயே இதைக் கேட்டு வளர்ந்த பிள்ளைகள் இருக்கிறார்கள். ஸ்காட்லாந்துக் கவிஞர் வில்லியம் ஆல்ட் இந்த மொழியில் எழுதிய கவிதைகளுக்காக நோபல் பரிசுக்குப் பரிந்துரைக்கப்பட்டார். 1954இல் மான்டிவிடியோவில் கூடிய யுனெஸ்கோ மாநாடு, மக்களை நெருங்க வைப்பதில் எஸ்பெராந்தோ கண்ட பலன்களை ஒப்புக்கொண்டு தீர்மானம் இயற்றியது. உலக எஸ்பெராந்தோ சங்கத்தின் தலைவராக 2007 முதல் 2013 வரை இருந்தவர் வங்காளியான மொழியியலாளர் புரோபால் தாஸ்குப்தா. தாகூரின் கவிதைகளை ஆங்கிலத்தின் வாசலை மிதிக்காமல் வங்காளியிலிருந்து நேரே எஸ்பெராந்தோவுக்குக் கொண்டுபோனவரும் அவர். பெங்களூரில் 2008இல் ஆசிய மாநாடு நடந்தபோது எனக்கு இந்த மொழியின் பெயர்கூடத் தெரியாது என்பதில் எனக்கு நிரந்தர வருத்தம் உண்டு.

உயிருள்ள மொழிக்கு இன்னொரு அடையாளம், அதற்குள் குழூஉக்குறிகள் முளைப்பது. எஸ்பெராந்தோ பேச வந்த இடத்தில் இருவர் தங்கள் தாய்மொழியில் கிசுகிசுத்தால் அதற்கு ‘குரோகோதீலி’ என்று பெயர், அதாவது முதலை வேலை பார்ப்பது. இயக்கத்தில் மிகத் தீவிரமாக இருந்துவிட்டுத் திடீரென்று ஒரு நாள் எல்லாவற்றையும் விட்டுப் போய்விட்டால் ‘கபேஇ’. இது காபே என்ற புனைபெயரில் எழுதி, உரைநடையில் ஒப்பற்றவர் என்று பெயர் வாங்கி, 1911இல் ஒரு சொல்லும் சொல்லாமல் விலகிப்போன கசிமியெர்ஸ் பெய்னின் பெயரால் வந்த வினைச்சொல். அவரும் வார்சாவில் கண் மருத்துவராக இருந்தவர் என்பது இந்த மொழிக்கும் கண் மருத்துவத்துக்கும் ஏதோ பூர்வஜென்மத் தொடர்பு இருப்பதாக என்னை எண்ண வைக்கிறது. விட்டு ஓடிப்போனவரையும் அகராதியில் சேர்த்துக்கொண்ட மொழி இது.

சென்ற மாதம் ஹங்கேரிக்காரரிடம் ஒரு சிக்கலைக் கொண்டுபோனேன். பூலோன் உரையைத் தமிழில் மொழிபெயர்த்துக்கொண்டிருக்கிறேன். அதில் வரிக்கு வரி ‘நி’ என்ற சொல் வருகிறது, தன்மைப் பன்மை. அதைத் தமிழில் எப்படி எழுதுவது என்றால், அதற்கு எங்களிடம் இரண்டு சொற்கள் இருக்கின்றன என்று சொன்னேன். கேட்பவரையும் சேர்த்துக்கொண்டால் நாம், விலக்கினால் நாங்கள். அவருக்கு இது புதிய செய்தி. ஹங்கேரியனிலும் இல்லை, எஸ்பெராந்தோவிலும் இல்லை என்றார். எஸ்பெராந்தோவில் நீ, நீங்கள் என்ற பேதமும் இல்லை. என் தந்தை வயதுடையவரையும் ஒரு குழந்தையையும் ஒரே ‘வி’யால்தான் அழைக்க வேண்டும், அது எனக்குப் பழகவே ஓராண்டு ஆயிற்று. சற்று நேரம் யோசித்தவர், அந்த மண்டபத்தில் இருந்தவர்களை நோக்கி ஸமென்ஹோஃப் பேசியதால் நாம் என்றே போடலாம் என்றார். இடையில் சில இடங்களில், எங்களைப் பித்தர்கள் என்று உலகம் எள்ளி நகையாடியது என்ற தொனியில் அவர் வெளியாரை நோக்கிப் பேசுகிறாரே, அங்கே என்ன செய்வது என்று கேட்டேன். நீங்கள் இதைத் தமிழில் யாருக்காகப் பெயர்க்கிறீர்கள் என்று அவர் திருப்பிக் கேட்டார்.

அதற்குப் பிறகு கைப்பிரதியை முதலிலிருந்து திருத்தத் தொடங்கினேன். இதுவரை மூன்று பக்கங்கள் முடிந்திருக்கின்றன. ‘நாங்கள்’ என்று எழுதியதை அடித்து மேலே ‘நாம்’ என்று போட்ட இடங்கள் ஏழு. ஓர் இடத்தில் ‘நாம்’ என்பதையும் அடித்துவிட்டு மறுபடி ‘நாங்கள்’ என்று எழுதியிருக்கிறேன். ஞாயிற்றுக்கிழமை அந்த வரியை அவருக்குப் படித்துக்காட்ட வேண்டும்.